இழுத்துப் பார் அண்ணாச்சி

ஆனைக்கல்விளையில் அருமைநாயகம் தன் மருந்துக் கடையைப் பூட்டுவது ஒரு சின்ன வேடிக்கை. ஷட்டரை இறக்குவார். பூட்டைப் போடுவார். இழுத்துப் பார்ப்பார். டீக்கடை வரைக்கும் நடந்து போய் அங்கே நின்று யோசிப்பார். பிறகு திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர் நிற்பதைக் கண்டதுமே, "போங்க அண்ணாச்சி, போய்ப் பாத்துட்டே வந்துருங்க" என்பார்கள். ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் இழுத்துப் பார் அண்ணாச்சி.

மருந்து வாங்க வந்தவர்களையும் சும்மா விடமாட்டார். "சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா? சொல்லுங்க பாப்போம்" என்று திருப்பிச் சொல்ல வைப்பார். சரியாகச் சொன்னவர்களுக்கும் சாயங்காலம் ஃபோன் போகும்.

இந்த மனிதரைத்தான் ஊர்த் திருச்சபை தன் மூப்பராகத் தேர்ந்தெடுத்தது. வேறு யாரும் முன்வரவில்லை. அவரும் முன்வரவில்லைதான், ஆனால் வேண்டாம் என்று சொல்லப் பயந்துவிட்டார்.

முந்தைய மூப்பர் ஞானசிகாமணி சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர். அவர் குரல் கொடுத்தால் ஆலயத்துக் கூரை மோட்டில் இருக்கும் புறாக்கள் எழுந்து பறக்கும். ஏழெட்டு ஊர்ச் சபைகளுக்குச் சேர்த்து ஒரே ஆயர் என்பதால், பெரும்பாலான ஞாயிறுகளில் மூப்பர்தான் ஆராதனை நடத்த வேண்டும், சண்டைகளைத் தீர்க்க வேண்டும், அசன விருந்தை முன்னின்று நடத்த வேண்டும். ஞானசிகாமணி அதையெல்லாம் ஒரு கையசைப்பில் செய்தார் என்று ஊரில் சொன்னார்கள். அருமைநாயகத்தின் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள்.

நகரத்தில் சபைத் தலைவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. அருமைநாயகமும் போனார். பயிற்சியாளர் சுவரில் சிங்கம், கழுகு, ஆட்டுக்குட்டி என்று படங்களை ஒட்டி, ஒவ்வொரு தலைவனுக்குள்ளும் இதில் ஒன்று பிறவியிலேயே இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தவன் ஜெயிப்பான் என்றார். மற்றவர்கள் எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். பலபேர் சிங்கம். அருமைநாயகத்துக்கு மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாளே ஆயரைப் பார்க்கப் போனார். ஆயர் சுகிர்தா அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய் வருகிறவர். குறைவாகப் பேசுவார். அப்போது முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, நான் எந்த வகைன்னு நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு எப்படித் தெரியும், அண்ணாச்சி?"

"பயமா இருக்கும்மா. தூக்கமே இல்ல. என் காலத்துல இந்தச் சபை உடைஞ்சு போயிருமோன்னு இருக்கு."

ஆயர் ஒரு கொத்துக் கீரையை அவர் பக்கம் தள்ளினார். அவரும் ஆயத் தொடங்கினார்.

"இந்த வாரம் உங்களைத் தேடி யார் வந்தா?" என்று கேட்டார் ஆயர்.

"யாரும் பெரிசா வரல. செல்லப்பாக்கியம் வந்தா. மெட்ராஸுக்கு மக வீட்டுக்குப் போறா. கேஸை மூடினோமா இல்லியான்னு பஸ் ஏறப்போற நேரத்துல சந்தேகம் வந்துட்டு. சாவியைத் தந்து பாக்கச் சொன்னா."

"பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை."

"சரி" என்றார் ஆயர்.

அருமைநாயகத்துக்கு உள்ளுக்குள் எரிச்சல். தான் கேட்டது என்ன, இந்தம்மா கேட்பது என்ன?

"நான் சிங்கமா இருந்து பாக்கட்டுமா?"

"இருந்து பாருங்க."

அடுத்த ஞாயிறு அவர் சிங்கமாக இருந்தார். பாடகர் குழுவை நடத்தும் ஜெபக்கனி அன்று பாட்டின் கடைசிச் சரணத்தை மறுபடியும் எடுத்தாள். ஜெபக்கனி அங்கன்வாடி டீச்சர். புருஷன் இறந்த துக்கத்தைப் பாடியே ஆற்றிக்கொண்டவள். அவளுக்குப் பிடித்த சரணம் அது. நேரமாகிறதே என்று ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்த அருமைநாயகம் கையை ஓங்கி, "நிறுத்து! இது என்ன சந்தைக்கடையா?" என்றார். வார்த்தைகூட அவருடையது இல்லை. ஞானசிகாமணி சொல்வது.

புறாக்கள் பறக்கவில்லை. ஜெபக்கனி பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த ஞாயிறு அவள் இடம் காலியாக இருந்தது.

"சிங்கம் எனக்குச் சரியா வரலம்மா."

"கேள்விப்பட்டேன்."

"சாந்தமா இருந்து பாக்கவா? ஆட்டுக்குட்டி மாதிரி?"

"இருந்து பாருங்க."

ஆட்டுக்குட்டியாக இருந்த வாரம் யார் எதைக் கேட்டாலும் சரி என்றார். சனிக்கிழமை சாயங்காலம் சபை மண்டபத்தில் மாதர் சங்கத்தின் உபவாச ஜெபமும் வாலிபர்களின் டிரம்ஸ் ஒத்திகையும் ஒன்றாக நடந்தன. இரண்டு கூட்டத்தாரும் தனித்தனியாக அவர் கடைக்கு வந்து திட்டிவிட்டுப் போனார்கள்.

கழுகைப் பற்றி அவர் ஆயரிடம் கேட்கவே இல்லை. கழுகு மேலேயிருந்து பார்க்கும், சில்லறை விஷயங்களில் இறங்காது, போன வழியைத் திரும்பிப் பார்க்காது என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அதனால் ஜெபக்கனி வீட்டுக்குப் போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டபோதெல்லாம் போகாமல் இருந்தார். ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு, டீக்கடையில் நிற்காமல் நிமிர்ந்து நேரே வீட்டுக்கு நடந்தார். டீக்கடையே எழுந்து நின்று பார்த்தது. வீட்டுக்குப் போனதும் சாப்பாடு இறங்கவில்லை. பின்தெரு வழியாக யாருக்கும் தெரியாமல் வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

"இந்த வாரம் யார் வந்தா?" என்றார் ஆயர்.

அருமைநாயகம் அலுப்போடு சொன்னார். "யாகப்பன் வந்தான். மக காலேஜ்ல இருந்து வழக்கமா வார பஸ்ல வரல. அவன்கூட பஸ் ஸ்டாண்டுல போய் நின்னேன். அடுத்த பஸ்ல வந்துட்டா."

"செயலாளர் ஜெயசிங் வீடு யாகப்பன் வீட்டுக்கு அடுத்ததுதானே? அவர்கிட்ட ஏன் போகல?"

"ஜெயசிங் 'எல்லாம் வந்துருவா, போவே'ன்னு சொல்லிருவாரும்மா. வரலன்னா என்ன, எங்க தேட, யாரைக் கேக்கன்னு நான்தான் யோசிச்சுக்கிட்டுக் கிடப்பேன். என் கூறு அப்படி." சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. "அதை விடுங்க. அசனம் வருது. ஜெபக்கனி டவுன்ல வேற சபைக்குப் போகப் போறாளாம். அவ போனா பாட்டுக் குழுவுல பாதி போயிரும். நான் என்ன செய்யட்டும்?"

"அசனத்துக்கு நான் வர்றேன்" என்றார் ஆயர்.

ஆனைக்கல்விளை அசனத்துக்கு ஒரு முறை உண்டு. வருஷத்துக்கு ஒருநாள் சபையார் எல்லோரும் ஆலய வளாகத்தில் ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அதற்கு அரிசியைக் கடையில் வாங்குவதில்லை. வீட்டுக்கு ஒரு படி அரிசி வரும். பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி, எது இருக்கிறதோ அது. எல்லாவற்றையும் ஆலய வாசலில் விரித்த ஓலைப்பாயில் கொட்டுவார்கள். மூப்பர் இரண்டு கையையும் விட்டு, எது யார் வீட்டு அரிசி என்று தெரியாதபடி கலப்பார். கலந்த பிறகு ஒரு மணி அரிசிகூடச் சேர்க்கக் கூடாது. ஜெபம் பண்ணி உலையில் போட்டுவிடுவார்கள். இப்படிச் சமைத்தால் பாதி குழையும், பாதி விறைக்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் அசனச் சோறு.

அசனத்தன்று காலை உலை கொதித்தது. கறி மசாலா வாசனை தெரு முழுவதும் பரவியது. பாயில் அரிசி குவிந்து கிடந்தது. அரிசி கொண்டுவந்த பாத்திரங்களைச் சுவரோரம் வைத்திருந்தார்கள். அருமைநாயகம் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜெபக்கனியின் பச்சை மூடி போட்ட தூக்குவாளி அங்கே இல்லை.

"அரிசியைக் கலங்க மூப்பரே" என்றார் செயலாளர் ஜெயசிங்.

அருமைநாயகம் பாயின் முன் மண்டியிட்டார். கையை நீட்டினார். கை அரிசிக்கு மேலேயே நின்றது. எழுந்து வாசல் கேட்டு வரைக்கும் போய்த் தெருவைப் பார்த்தார். திரும்பி வந்து மண்டியிட்டார். மறுபடியும் எழுந்து கேட்டுக்குப் போனார்.

"எல்லாரும் வந்தாச்சு மூப்பரே."

"ஜெபக்கனி வீட்டு அரிசி வரல."

"வராதவுகளுக்காக உலை காத்துக்கிடக்குமா? பெரிய மூப்பர் ஞானசிகாமணியா இருந்தா இந்நேரம் கலந்து, சோறே வெந்திருக்கும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "அண்ணாச்சி இழுத்துப் பாக்காவ" என்று ஒரு குரல் கேட்டது.

இதில் கையை விட்டுவிட்டால் தீர்ந்தது, ஒரு வீடு கணக்கில் இல்லாமல் போய்விடும் என்பது மட்டும் அருமைநாயகத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. விடாவிட்டால் இத்தனை பேர் முன்னால் அவமானம். அடுப்படியில் நின்றிருந்த ஆயரிடம் போனார்.

"அம்மா, என்ன செய்யட்டும்?"

"உங்களுக்கு என்ன செய்யத் தோணுது?"

"அவ வீட்டுக்கு ஓடணும்னு தோணுது. ஆனா தலைவனா இருக்கவன் அப்படி ஓடலாமா? இந்தப் பயம்தான் என்னைப் பிடிச்ச பேய். இது போனாத்தான் நான் மூப்பரா இருக்க முடியும்."

ஆயர் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினார். கொதித்துக்கொண்டிருந்த உலையில் முழுவதையும் ஊற்றினார். கொதி அடங்கிப்போனது.

"என்னம்மா இப்படிச் செஞ்சிட்டிய!" என்று சமையல்காரர் கத்தினார்.

"மறுபடியும் கொதிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்ல" என்றார் ஆயர், குடத்தைக் கீழே வைத்துவிட்டு.

அருமைநாயகம் செருப்பைக்கூடத் தேடவில்லை. வெறுங்காலோடு கீழத்தெருவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஜெபக்கனி வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அவள் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அரிசி வரல" என்றார் மூச்சு வாங்க.

"வராது."

"ஏன்னு தெரியும்."

"தெரிஞ்சா எதுக்கு வந்திய?"

"கலக்க முடியல ஜெபக்கனி. கை உள்ள போவமாட்டேங்கு."

"பெரிய மூப்பர்னா கலந்திருப்பாவ."

"கலந்திருப்பாவ."

"அவியள மாதிரித்தானே அன்னைக்குச் சத்தம் போட்டிய? அதே மாதிரி கலந்துட்டுப் போக வேண்டியதுதானே?"

அருமைநாயகம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அந்தச் சத்தம் அவியளது. நான் இரவல் வாங்கிப் போட்டேன். எனக்குன்னு சொந்தமா இருக்கது இந்தப் பயம் ஒண்ணுதான். நீ போயிருவியோன்னு பயம். உன் இடம் காலியாக் கிடக்கதைப் பாத்தா எனக்குப் பிரசங்கமே மறந்து போகுது."

ஜெபக்கனி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தியளா, இல்ல அரிசி கேக்க வந்தியளா?"

"மன்னிப்புதான். அதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். பதட்டத்துல மறந்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"நான் தரமாட்டேன்னு சொன்னா?"

"தண்ணி கொதிக்கிறதுக்குள்ள இன்னொரு தடவை கேப்பேன். அப்பவும் தரலன்னா நாளைக்கு வருவேன்."

"இழுத்துப் பாக்கவா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜெபக்கனி எழுந்து கதவுக்குப் பின்னால் கையை விட்டாள். பச்சை மூடி போட்ட தூக்குவாளியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"காலையிலயே அளந்து வச்சிட்டேன். யாராவது கேட்டு வருவாவளான்னு தெருவையே பாத்துக்கிட்டிருந்தேன். எங்க சித்தப்பா வீடு இப்படித்தான் சபையை விட்டுப் போச்சு, தெரியுமா? சித்தியும் அன்னைக்கு அரிசியை அளந்து வச்சிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தா. யாரும் வரல. அந்தப் பக்கம் மணியடிச்சு, ஜெபம் பண்ணின சத்தம் கேட்டுச்சு. சித்தி அரிசியைக் கோழிக்குப் போட்டுட்டா."

அருமைநாயகத்துக்கு அந்த அசனம் நினைவிருந்தது. அவரும் அன்று சாப்பிட்டவர்தான். யார் வரவில்லை என்று அன்றும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அரிசியைக் கொண்டு போங்க. நான் பின்னால வாரேன்" என்றாள் ஜெபக்கனி. "பாட வருவேனான்னு எனக்குத் தெரியாது. அதை இப்பக் கேக்காதிய."

"கேக்கல. அடுத்த வாரம் கேக்கேன்."

அவர் திரும்பியபோது உலை மறுபடியும் கொதி வரத் தொடங்கியிருந்தது. தூக்குவாளி அரிசியைப் பாயில் கொட்டினார். இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் விட்டுக் கலந்தார். அவர் கண் நிறைந்துவிட்டதை முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஜெபம் சுருக்கமாகவும் தடுமாற்றமாகவும் இருந்தது.

அசனம் பிந்திப்போனது. பிள்ளைகள் பசியில் அழுதார்கள். சோறு எப்போதையும்விடக் கூடுதலாகக் குழைந்திருந்தது. ஜெபக்கனி கடைசிப் பந்தியில் ஒரு ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டாள். பாடவில்லை. கை கழுவும் இடத்தில் ஜெயசிங், "இப்படி வீடு வீடாப் போய்க் கூப்பிட்டா சபை நடத்தின மாதிரிதான்" என்று சத்தமாகவே சொன்னார். அருமைநாயகம் அதைக் கேட்டுக்கொண்டு, யார் யார் பாத்திரத்தை எடுத்துப் போகவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஆயரிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

"அம்மா, எனக்குப் பதிலா வேற ஆளைப் பாருங்க."

"ஏன்?"

"நான் சிங்கம் இல்ல, கழுகு இல்ல, ஆட்டுக்குட்டிகூட இல்ல. இன்னைக்கு எல்லாரும் பாத்துட்டாவ. உலையைப் போட்டுட்டுப் பயந்து ஓடின மூப்பர்னு இனி காலத்துக்கும் பேச்சு இருக்கும். நான் என்ன வகைன்னு கடைசிவரைக்கும் நீங்களும் சொல்லல."

ஆயர் ஆலயத்துச் சாவிக் கொத்தை அவர் கையில் கொடுத்தார்.

"முதல்ல பூட்டுங்க. போகும்போது பேசலாம்."

அருமைநாயகம் பெரிய கதவைச் சாத்தினார். பூட்டைப் போட்டார். இழுத்துப் பார்த்தார். இருவரும் வேப்ப மரத்தைக் கடந்து கேட்டுக்கு நடந்தார்கள். மரத்தடியில் காலி அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன.

கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் நடை தளர்ந்தது. பேச நினைத்தது நின்றுபோனது. ஓரக்கண்ணால் ஆலயக் கதவைப் பார்த்தார். ஆயர் பார்க்கிறாரே என்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். சாவிக் கொத்து அவர் கையில் சிணுங்கியது.

ஆயர் நின்றார். தோளில் இருந்த பையை இறக்கி, கேட்டுத் திண்டில் வைத்துவிட்டு, அவசரமே இல்லாதவராக அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போய் இன்னொரு தடவை இழுத்துப் பாத்துட்டு வாங்க, அண்ணாச்சி. நாங்கல்லாம் நிம்மதியாத் தூங்கணும்ல."